சுரைக்கு வலைப் பந்தல்: ஆறு பட்டம் பார்த்த பிறகு

மொட்டை மாடியில் சுரை போடப்போகும் நண்பர், "அந்த நைலான் வலை வாங்கலாமாண்ணே?" என்று கேட்டிருந்தார். ஆடியும் தையுமாக மூன்று வருஷத்தில் ஆறு பட்டம் அதே மாதிரி வலையில் ஓடியாயிற்று. பத்துக்குப் பத்து அடி, நாலு அங்குலக் கண், ஆறரை அடி உயரத்தில் படுக்கைவாட்டில் கட்டியது. வலையின் நீள அகலமெல்லாம் கடையிலேயே சொல்வார்கள். அவர்கள் சொல்லாதது பிஞ்சு மாட்டும் சங்கதி.

கொடி வலைக்கு மேலே படரும், காய் கீழே தொங்க வேண்டும். பூவுக்குப் பின்னால் இருக்கும் பிஞ்சு வலைக்கண்ணுக்கு நேராக அமைந்தால் தானே இறங்கிவிடும். நூலின் மேல் உட்கார்ந்துவிட்டால் அங்கேயே பருக்கும். நாலு நாளில் நூல் தோலில் பதியும், வாரம் திரும்பினால் இடுப்பு ஒடுங்கி உடுக்கை மாதிரி நிற்கும். புடலை இன்னும் மோசம்: ஒரு கண்ணில் இறங்கி, பக்கத்துக் கண்ணில் மேலே ஏறிவிடும். அப்புறம் நேராக நீள நுனியில் கல்லைக் கட்டி என்ன பயன்? எலுமிச்சை அளவு இருக்கும்போதே தினமும் காலையில் அண்ணாந்து பார்த்து ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிவிட வேண்டும். இரண்டு நாள் ஊருக்குப் போய் வந்தால் கத்தரிக்கோல்தான். ஒரு நூலை வெட்டினால் இரண்டு கண் ஒன்றாகிவிடும். அதை ஜிப் டை போட்டு இழுத்துக் கட்டிக் கட்டி, இப்போது வலையில் நூல் பாதி, ஜிப் டை பாதி.

ஆனால் கொப்பைப் பரத்திவிட வலைக்கு நிகரில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். சுரையில் தலைக்கொடி பெரும்பாலும் ஆண் பூவாகத்தான் பூக்கும். பெண் பூ பக்கக் கொப்புகளில்தான் அதிகம். நுனிக் கொழுந்து இருக்கும்வரை அது பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். கிள்ளினால்தான் அவை கிளம்பும். அதனால் பந்தல் தொடும்வரை சணல் கயிற்றில் ஒற்றைக் கொடியாக ஏற்றி, கீழே வரும் பக்கக் கொப்புகளை எடுத்துவிட வேண்டும். வலைக்கு மேல் ஒரு அடி போனதும் நுனியைக் கிள்ளலாம். பத்து நாளைக்குள் மூன்று, நாலு கொப்பு வரும். அவற்றைத் திசைக்கு ஒன்றாகப் பரத்தி, பத்துப் பன்னிரண்டு இலை விட்டதும் மறுபடி நுனி கிள்ள வேண்டும். அதற்கடுத்து வரும் மூன்றாம் தலைமுறைக் கொப்பில் பெண் பூ கூடுதலாக வரும். சதுரம் சதுரமாகக் கண் இருப்பதால், எந்த இடம் காலி, எங்கே இலை மேல் இலை ஏறிக் கிடக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கம்பிப் பந்தலில் இந்த வசதி கிடையாது.

கிள்ளுகிறோம் என்று எல்லாச் செடியையும் கிள்ளிவிடக் கூடாது. ஒரு செடியை அப்படியே விட்டுவைத்தால்தான் மகரந்தத்துக்கு ஆண் பூ இருக்கும். இல்லையென்றால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். சுரைப்பூ சாயங்காலம் விரிவது, அந்நேரத்தில் மாடியில் வண்டு வராவிட்டால் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நாமே தொட்டுவிட வேண்டியதுதான். பத்து லிட்டர் பையில் வளர்க்கிறவர்கள் கிள்ளவே வேண்டாம். அந்த வேருக்கு அத்தனை கொப்புக்கும் சோறு போட முடியாது. ஐம்பது அறுபது லிட்டர் மண்ணாவது வேண்டும். இலை மஞ்சள் தேமலாக இருக்கும் செடியை வெட்டிய பிளேடை அடுத்த செடியில் வைக்காதீர்கள்.

கட்டுமானத்தில் ஒரு விஷயம். வலையை மட்டும் நாலு மூலையில் இழுத்துக் கட்டினால் காய் பிடித்ததும் நடுவில் தொட்டில் விழும். இரண்டரை அடிக்கு ஒன்றாக 14 கேஜ் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியைக் குறுக்கே ஓட்டி, அதன் மேல் வலையைப் போட வேண்டும். பந்தல் கால் நிறுத்தத் தளத்தில் துளை போட்டால் மழைக்கு ஒழுகும். 20 லிட்டர் பெயின்ட் வாளியில் கால் குழாயை நிறுத்தி முக்கால் அளவு கான்கிரீட் கொட்டினால் ஆடிக் காற்றுக்கும் அசையாது. ஓரத்தில் மிஞ்சும் வலையைத் தரைவரை தொங்க விடாதீர்கள், அணில் மாட்டிக்கொள்ளும்.

வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? மதுரைக் கத்திரி வெயில் இரண்டைத் தாண்டுவதற்குள் முதலில் போட்ட வெள்ளை வலை சொரசொரத்து, விரலால் இழுத்தாலே அறுந்தது. அடுத்து வந்த கறுப்பு வலை இன்னும் தாங்குகிறது. பட்டம் முடிந்து பிரிப்பது அடுத்த தலைவலி. அடித்தண்டை வெட்டி, பத்து நாள் காயவிட்டுக் கசக்கினால் இலை உதிரும். பற்றுக்கம்பி உதிராது, ஸ்பிரிங் மாதிரி நூலைச் சுற்றிக்கொண்டு அப்படியே காய்ந்திருக்கும். நூறு சதுர அடிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம்: சுரைக்கும் புடலைக்கும் இந்த வலையை வாங்காதீர்கள். குறுக்கே ஓட்டும் அந்த ஜிஐ கம்பியையே ஒரு அடிக்கு ஒன்றாக நெருக்கி ஓட்டினால் போதும். காய் தானே தொங்கும். நண்பர் மனசு மாறிப் பாகல் போடுவதென்றால் மேலே புலம்பியதில் பாதி அவருக்குப் பொருந்தாது. காய் ஒல்லி, பற்றுக்கம்பியும் மெல்லிசு. கறுப்பு நிறம், நாலு அங்குலக் கண் என்று கேட்டு வாங்கட்டும்.