ஹைலக்ஸா, வி-க்ராஸா?

இரண்டுமே பின்னால் திறந்த சரக்குப் பெட்டி உள்ள பிக்கப் வண்டிகள். தோற்றத்தில் என் ஓட்டு இசுசு வி-க்ராஸுக்குத்தான். புடைத்த சக்கர வளைவுகளும் அகன்ற முகமும் நின்றாலே ஒரு கம்பீரம். டொயோட்டா ஹைலக்ஸ் அழகில் குறைந்ததல்ல, ஆனால் அடக்கமான அழகு. அது பிடித்தவர்களும் நிறைய.

சேற்றில் இறங்கினால் கதை மாறுகிறது. ஹைலக்ஸில் இருப்பது டொயோட்டாவின் எஸ்யூவியான ஃபார்ச்சூனரின் அதே 2.8 லிட்டர் டீசல் எஞ்சின். 204 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் கியரில் 500 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை. 700 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கலாம். பின் ஆக்சிலில் டிஃபரன்ஷியல் லாக் உண்டு. ஒரு சக்கரம் அந்தரத்தில் சுழன்றாலும் மற்றது பிடித்து இழுக்கும். மேடுபள்ளத்தில் இதன் அருமை தெரியும்.

வி-க்ராஸின் 1.9 லிட்டர் எஞ்சினுக்கு 163 குதிரைத்திறன், 360 நியூட்டன் மீட்டர். ஏற்றத்தில் வித்தியாசம் தெரியும்தான். ஆனால் விலை கணிசமாகக் குறைவு. மிச்சப் பணத்தில் நல்ல டயரும் பின்பெட்டிக்கு மூடியும் போடலாம்.

இரண்டிலும் பின்னால் பட்டை ஸ்பிரிங். காலி வண்டி குதிக்கும், பாரம் ஏற்றினால் அடங்கும். அப்புறம், இரண்டுமே ஐந்தே கால் மீட்டருக்கு மேல் நீளம். பார்க்கிங் இடத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

காட்டுப்பாதையே வாழ்க்கை என்றால் ஹைலக்ஸ். வாரக்கடைசிப் பயணத்துக்கு வி-க்ராஸே போதும்.