பாளையங்கோட்டை ஜெர்மன் கிளாஸ், ஆறு மாசம் படிச்சவ சொல்லுதேன்

நர்சிங் முடிச்சிட்டு ஜெர்மனி போகணும்னு இருக்கவங்களுக்காக எழுதுதேன். பாளை மார்க்கெட் பக்கம் மாடில ஒரு சின்ன கிளாஸ், ஏ1ங்கற மொத படிலேர்ந்து பி1ங்கற மூணாவது படி வரைக்கும் அங்கதான் படிச்சேன். கிராமர் நல்லா நடத்துதாவ. ஆனா சனிக்கிழமை சாயங்காலம் சார் புக்க மூடி வச்சிட்டு அந்த ஊர்க் கத சொல்லுவாவ பாருங்க, அதுக்கே குடுத்த காசு செரிச்சிரும்.

எனக்கு வேல டார்ட்முண்ட்லனு சொன்னதும் ரெண்டு வாரம் அந்த ஊர் இருக்க ரூர்ங்கற நிலக்கரி ஏரியா பத்தியே ஓடுச்சு. 1807ல பிரஷ்யால, அதான் அப்பத்த பெரிய ஜெர்மன் ராஜ்ஜியம், பண்ணையடிமை முறைய ஒழிச்சிட்டாவ, ஆனா அதுக்கு ஈடா நெறைய விவசாயிங்க தங்க நெலத்துல ஒரு பங்க பண்ணையாருக்கே குடுக்க வேண்டியதாப் போச்சு, மிச்ச நெலம் வயித்துக்குப் பத்தாம கூலிக்காரனா ஆனவன் எத்தனயோ பேரு, பெறவு அமெரிக்கா கோதுமை சல்லிசா வந்து இறங்கி வெலையும் விழுந்துட்டு. அதே நேரம் ரூர்ல நிலக்கரி சுரங்கத்துக்கு ஆள் பத்தல. மொதல்ல பக்கத்து ஊர்க்காரங்க வந்தாவ, 1870க்குப் பெறவு கிழக்கு பிரஷ்யா, போசன், சைலீசியானு தூரத்துலேர்ந்து ரயிலேறி வந்தாவ.

வந்தவங்களுக்கு வீடு? ஒருத்தன் ஷிஃப்டுக்கு எந்திரிச்சுப் போனா அந்தச் சூடு ஆறதுக்குள்ள ஷிஃப்டு முடிஞ்சவன் அதே கட்டில்ல வந்து படுப்பான், அப்படி கட்டில மட்டும் வாடகைக்கு எடுத்தவனுக்கு ஷ்லாஃப்கெங்கர்னு பேரே உண்டு. எங்க தாத்தா திசையன்விளைலேர்ந்து தாராவி போன புதுசுல முறை வச்சுத்தான் படுத்திருக்காவ, அத நெனச்சு எனக்கு கண்ணு கலங்கிட்டு.

சில சுரங்கக் கம்பெனி கட்டிக் குடுத்த வீட்டோட அமைப்ப சார் போர்டுல வரைஞ்சு காமிச்சாவ. முன்னால ரெண்டு ரூம், பின்னால காய்கறித் தோட்டம், அந்த மூலைல சின்னதா ஒரு தொழுவம், அதுல ஆடு. மாடு வளக்க எடம் இல்லல்லா, அதனால அந்த ஆட்டுக்கு பெர்க்மன்ஸ்கூனு பேரு, சுரங்கத்தான் மாடு. இந்த வார்த்தைய நான் எந்த ஆப்லயும் படிக்கல. ஓபர்ஹவுசன்ல ஐசன்ஹைம்னு 1846ல ஆரம்பிச்ச குடியிருப்பு இன்னும் நிக்கி, போனதும் அங்கதான் மொத லீவு.

குறைனு பாத்தா கூட்டம். ஒரே ரூம்ல முப்பது பேரு, ரெண்டே ஃபேன், வாயத் தொறந்து பேசிப் பழக நேரமே கெடைக்காது, எனக்கு ஸ்பீக்கிங் ஒருதடவ போனதுக்கு அதான் காரணம். பீஸ ரெண்டு தவணையா வாங்கிக்கிடுதாவ. சேருறவங்க சனிக்கிழமை பேட்ச்ல எடம் இருக்கானு கேட்டுட்டு சேருங்க, மத்த நாள் பேட்ச் எடுக்கது வேற மேடம்.