31 ப்ளகின்ல மிஞ்சினது 7

போன மாசம் என் வேர்ட்பிரஸ் (பிளாக் நடத்தற மென்பொருள்) பிளாக்ல ஒரு ப்ளகினோட, அதாவது கூடுதல் வசதிக்கு அதுல சேத்துக்கற குட்டி மென்பொருளோட, அப்டேட் பட்டனை அமுக்கினேன், அடுத்த செகண்ட் பிளாக் மொத்தமும் வெள்ளையா நிக்குது. பிளாக்க நிர்வாகம் பண்ற டேஷ்போர்டுக்குள்ளயும் போக முடியல. இந்த மாதிரி ஒரு ப்ளகின் படுத்துட்டா வேர்ட்பிரஸ்ஸே நமக்கு மெயில்ல ஒரு லிங்க் அனுப்பும், அது வழியா உள்ள போய் சரி பண்ணிக்கலாம், 2019ல வந்த 5.2 வெர்ஷன்ல இருந்தே இந்த வசதி இருக்கு. ஆனா என் விஷயத்துல விழுந்ததே மெயில் அனுப்பற ப்ளகின்தான், அப்புறம் மெயில் எங்க இருந்து வரும். கடைசில ஹோஸ்டிங்கோட (பிளாக்க தன் சர்வர்ல வச்சிருக்கற கம்பெனி) ஃபைல் மேனேஜருக்குள்ள போய் ப்ளகின்ஸ் ஃபோல்டர் பேரையே மாத்தி வச்சேன், எல்லாம் ஒட்டுமொத்தமா ஆஃப் ஆகி பிளாக் திரும்பி வந்துச்சு. அப்புறம் பழைய பேரையே குடுத்துட்டு ஒண்ணொண்ணா ஆன் பண்ணலாம்னு உக்காந்து எண்ணினா 31 இருக்கு! அதுல பாதிய எதுக்குப் போட்டேன்னே ஞாபகம் இல்ல. ரைட் கிளிக் பண்ண விடாம தடுக்க ஒண்ணு வச்சிருந்தேன், காப்பி அடிக்கறவன் அதையும் மீறி அடிச்சுட்டுதான் இருந்தான்.

அன்னைக்கு ராத்திரி ஆரம்பிச்ச களையெடுப்புல மிஞ்சினது 7. எது போச்சு, எது நின்னுச்சுன்னு சொல்றேன், குறிப்பா தமிழ்ல எழுதறவங்களுக்கு.

முதல்ல ஈஸியா போனது, வேர்ட்பிரஸ்ஸே இப்ப செய்யற வேலைக்குன்னு நான் தனியா வச்சிருந்தது. படத்த கீழ ஸ்க்ரோல் பண்ணும்போது மட்டும் லோடு பண்ற லேசி லோடிங், கூகுளுக்கு குடுக்கற சைட்மேப் (பிளாக்ல இருக்கற பக்கங்களோட பட்டியல்), ரெண்டும் 2020ல வந்த 5.5லயே உள்ளுக்குள்ள வந்தாச்சு. எழுத்துரு ப்ளகினும் அப்படித்தான், Block தீம் (blog இல்ல, துண்டு துண்டா பக்கத்த அடுக்கற புது வகை வடிவமைப்பு) வச்சிருக்கறவங்களுக்கு 2024ல வந்த 6.5ல ஃபாண்ட் லைப்ரரியே இருக்கு, முக்த மலரோ நோட்டோ சான்ஸ் தமிழோ அதுலயே ஏத்திக்கலாம். இதெல்லாம் தெரியாம நாலு வருஷமா ஒரே வேலைக்கு ரெண்டு ஆள் வச்சிருந்திருக்கேன்.

அடுத்து வர்றது எனக்கு ரொம்ப எரிச்சலான ஏரியா. நிறைய ப்ளகின் இங்கிலீஷ மனசுல வச்சு எழுதினது, தமிழ் பதிவுல போட்டா என்ன ஆகும்னு யாரும் பாத்திருக்க மாட்டாங்க. "படிக்க இத்தனை நிமிடம்"னு காட்ற ப்ளகின் ஒண்ணு வச்சிருந்தேன் (பேரு வேணாம், பாவம் இலவசமா குடுக்கறாங்க), நான் 3000 வார்த்தை எழுதினாலும் 1 நிமிஷம்தான்னு காட்டும். சரி, நம்ம எழுத்து அவ்ளோ சரளமா போகுது போலன்னு கொஞ்ச நாள் சந்தோஷமா இருந்தேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பில வார்த்தை எண்றதுக்கு இருக்கற பழைய ஃபங்ஷன் இங்கிலீஷ் எழுத்த மட்டும்தான் எழுத்துன்னே எடுத்துக்கும், அதோட கணக்குல நான் எழுதினது பூஜ்யம். டெலீட்.

எஸ்இஓ ப்ளகினும் (கூகுள் தேடல்ல பதிவு மேல வர உதவறது) இதே கதைதான், ஆனா அத டெலீட் பண்ணல. முக்கியச் சொல்லுன்னு "புத்தகம்" குடுத்தேன். பதிவு பூரா புத்தகத்தை, புத்தகத்துல, புத்தகங்களோடன்னு பத்து இடத்துல வருது, ஆனா சிவப்பு லைட்டு எரிஞ்சுட்டே இருக்கு, முக்கியச் சொல் ஒரு தடவகூட வரலயாம். வேற்றுமை உருபு ஒட்டினா அதுக்கு வேற வார்த்தை! ஒரு தடவ அது பேச்ச கேட்டு பச்சை வர வரைக்கும் "புத்தகம்" "புத்தகம்"னு நுழைச்சு பப்ளிஷ் பண்ணேன், மறுநாள் படிச்சா விண்ணப்பப் படிவம் மாதிரி இருந்துச்சு. இப்ப அத ஒரே ஒரு வேலைக்கு வச்சிருக்கேன், தேடல்ல வர்ற தலைப்பையும் கீழ வர்ற ரெண்டு வரி விவரத்தையும் நானே எழுதிக் குடுக்கறதுக்கு. லைட்ட பாக்கறதே இல்ல.

லிங்க் விஷயமும் சொல்லிடறேன், இதுக்கும் ப்ளகின் தேடி அலைஞ்சிருக்கேன். தமிழ் தலைப்ப அப்படியே விட்டா வேர்ட்பிரஸ் அதையே லிங்க்கா மாத்தும், ஆனா ஒவ்வொரு தமிழ்க் குறியும் அங்க 9 கேரக்டரா விரியும், "பு"ங்கற ஒரு எழுத்துல பகரமும் உகரக் குறியும் தனித்தனி, ஆக 18. மொத்த இடமே 200 தான். "மழைக்காலத்தில் படித்த புத்தகங்கள்"னு தலைப்பு வச்சா லிங்க் "மழைக்காலத்தில்-படித்த-பு"ன்னு அந்தரத்துல நின்னுடும். வாட்ஸ்அப்ல அனுப்பினா சதவீதக் குறியும் எண்ணுமா முழ நீளத்துக்கு வால் வேற. இதுக்கு ப்ளகினே வேணாங்க, பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடி பக்கத்துல இருக்கற ஸ்லக் (லிங்க்கோட கடைசிப் பகுதி) பெட்டில ரெண்டு வார்த்தைல சுருக்கி அடிச்சா முடிஞ்சுது.

சரி, நின்னது எது. ஸ்பேமுக்கு ஆன்டிஸ்பேம் பீ. அகிஸ்மெட் 2005ல இருந்து இருக்கு, வேலையும் நல்லா செய்யும், ஆனா ஒவ்வொரு கமெண்ட்டும் அவங்க சர்வருக்குப் போய்த்தான் திரும்பும், சொந்த பிளாக்குக்கு இலவசம், வியாபாரமா நடத்தினா காசு. ஆன்டிஸ்பேம் பீக்கு, அகிஸ்மெட்டுக்கு வாங்கற மாதிரி சாவியும் (key) வேணாம், கணக்கும் வேணாம்.

பேக்கப்புக்கு அப்டிராஃப்ட்பிளஸ். இலவச வெர்ஷன்லயே கூகுள் டிரைவுக்கு தானா அனுப்பிடும், டேட்டாபேஸ தினமும் ஃபைல்கள வாரம் ஒரு தடவயும்னு தனித்தனியா நேரம் வைக்கலாம். ஒரே சர்வர்ல பேக்கப் வச்சுக்கறது பூட்டுலயே சாவிய தொங்க விடற மாதிரி, அத மட்டும் பண்ணாதீங்க. ஒரு டெஸ்ட் சைட்ல ரீஸ்டோரும் பண்ணிப் பாத்துடுங்க, நான் பாத்தப்பதான் படங்கள் ஃபோல்டருக்கு டிக் போடாம விட்டிருந்தது தெரிஞ்சுது.

வேகத்துக்கு டபிள்யூபி சூப்பர் கேச். ஒருத்தர் வந்தப்ப உருவான பக்கத்த கோப்பா எடுத்து வச்சுக்கிட்டு அடுத்தவருக்கு அதையே குடுக்கும், டேட்டாபேஸ் பக்கம் போகவே வேணாம். செட்டிங்ஸ்ல ஆன் பண்ணா போதும், மிச்ச டேப் எதையும் நான் தொடல. உங்க ஹோஸ்டிங் லைட்ஸ்பீட் சர்வர்னா லைட்ஸ்பீட் கேச் போட்டுக்கலாம். ரெண்டு கேச் ப்ளகின் மட்டும் ஒண்ணா வேணாம், நான் வச்சிருந்தேன், பிழை திருத்தி அப்டேட் பண்ணாலும் படிக்கறவங்களுக்கு பழைய பக்கமே போய்ட்டு இருந்துச்சு, ரெண்டு நாள் கழிச்சு ஒருத்தர் சொல்லித்தான் தெரியும்.

லாகினுக்கு லிமிட் லாகின் அட்டெம்ப்ட்ஸ் ரீலோடட், ஏன்னா வேர்ட்பிரஸ் தன்பாட்டுக்கு விட்டா பாஸ்வேர்ட எத்தனை தடவ வேணாலும் அடிச்சுப் பாக்க விடும். தொடர்புக்கு காண்டாக்ட் ஃபார்ம் 7, கூடவே ஃபிளமிங்கோ, ஃபார்ம் மட்டும் வச்சா வர்ற செய்தி எங்கயும் சேமிக்காது, மெயில் தொலைஞ்சா செய்தியும் போச்சு. இந்த ஜோடி வந்தப்புறம் மெயில் ப்ளகினுக்கே வேலை இல்லாம போயிடுச்சு.

புதுசா ஒண்ணு போடணும்னா நான் ஸ்டார பாக்கறதில்ல. கடைசி அப்டேட் எப்ப, என் வெர்ஷனோட டெஸ்ட் பண்ணிருக்காங்களா, சப்போர்ட் பகுதில ரெண்டு மாசத்துல வந்த கேள்விக்கு பதில் விழுந்திருக்கா, அவ்ளோதான். அப்புறம் சமீபத்துல வந்த ஒத்த ஸ்டார் விமர்சனம் நாலு படிப்பேன், அஞ்சு ஸ்டார்ல "சூப்பர்"னு இருக்கும், ஒத்த ஸ்டார்லதான் விஷயம் இருக்கும். இன்ஸ்டால் எண்ணிக்கைய நம்பி ஏமாறவும் வேணாம், டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்னு ஒரு ப்ளகின் 2 லட்சம் சைட்ல இருந்துச்சு, கை மாறி வேற ஆளுகிட்ட போனதும் அப்டேட்டோட பின்வாசலையும் (வெளி ஆள் திருட்டுத்தனமா உள்ள நுழையற வழி) சேத்து அனுப்பிட்டாங்க, 2017ல அத வேர்ட்பிரஸ்ஸோட ப்ளகின் டைரக்டரிலேர்ந்தே தூக்கினாங்க. காசு ப்ளகின "இலவசமா" குடுக்கற நல்டு (பூட்ட உடைச்ச திருட்டுப் பிரதி) சைட்டுகள பத்தி தனியா சொல்லணுமா என்ன.

ப்ளகின எடுத்துட்டா வேலை முடிஞ்சுதுன்னு மட்டும் நினைக்காதீங்க. ஒரு கேலரி ப்ளகின தூக்கினேன், படம் இருந்த இடத்துல எல்லாம் சதுர அடைப்புக்குறிக்குள்ள அதோட ஷார்ட்கோடு (அந்த ப்ளகின கூப்பிடற குறிச்சொல்) மட்டும் பல்ல இளிச்சுட்டு நிக்குது, எடுக்கறதுக்கு முன்னாடி எந்தெந்த பதிவுல இருக்குன்னு தேடி வச்சிருந்தா இந்த கொடுமை இல்ல. தினம் தூங்கறதுக்கு முன்னாடி ரெண்டு ரெண்டு பதிவா திருத்திட்டு வரேன், இப்பதான் 2016ல எழுதின பதிவுகள் முடிஞ்சிருக்கு.