12 அடி டேபிள்: கல், துணி, ஃபிட்டர் பாய்

ஸ்னூக்கர் டேபிள் வாங்கப் போகிறவர் ஷோரூமில் முதலில் பார்ப்பது காலைத்தான். எட்டுக் கால், சிங்கப் பாதம், தேக்கில் பூ வேலை, மேலே பளபளவென்று பாலிஷ். விற்கிறவரும் அங்கேதான் கூட்டிப்போய் நிறுத்துவார். எங்கள் டேபிள் வந்து ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போய்விட்டது. இப்போது என்னைக் கேட்டால், கால் இருக்கிற இடத்தில் செங்கல் அடுக்கித் தந்தாலும் சரி, கல்லையும் ஃபிட்டரையும் காட்டுங்கள் என்பேன்.

திருப்பூரில் பழைய செக்கிங் ஹால் ஒன்று சும்மா கிடந்தது. பனியன் தொழிலில் இருக்கும் நாங்கள் சில பேர் சேர்ந்து அதில் ஸ்னூக்கர் அறை போட்டோம். ஏற்கனவே ஒரு 9 அடி பூல் டேபிள் உள்ளே இருந்தது. பூலில் போட்டி அளவே அந்த 9 அடிதான். அமெரிக்காவில் டெர்பி சிட்டி கிளாசிக் என்ற பூல் திருவிழாவின்போது ‘பிக்ஃபுட்’ என்று 10 அடி டேபிளில் ஒரு போட்டி வைப்பார்கள். ஒரு அடி கூடியதற்கே அங்கே ஆட்டக்காரர்கள் முகம் மாறும். ஸ்னூக்கரில் எடுத்த எடுப்பிலேயே 12 அடி. குஷனுக்குக் குஷன், அதாவது ஓர ரப்பர் திண்டுக்குத் திண்டு, 11 அடி 8½ அங்குலம் நீளம், 5 அடி 10 அங்குலம் அகலம். பந்தோ பூல் பந்தைவிடச் சின்னது, 52.5 மில்லிமீட்டர். சுற்றி நின்று கியூவை இழுக்க 22க்கு 16 அடி அறை வேண்டும். இதைக் கவனிக்காமல் டேபிள் வாங்கிவிட்டு, மூலையில் குட்டைக் கியூ வைத்து ஆடும் கிளப்புகள் நம் பக்கத்தில் நிறைய.

கல்லுக்கு வருவோம். ஐந்து துண்டு ஸ்லேட். எங்களுடையது 45 மில்லிமீட்டர் கனம், துண்டு ஒன்று சுமார் 170 கிலோ. மரச்சட்டம், குஷன் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன்னைத் தாண்டும். மாடியில் போடலாம் என்ற பேச்சை எங்கள் இன்ஜினீயர் ஒரே போனில் முடித்துவிட்டார். மலிவு டேபிள்களில் ஸ்லேட்டுக்குப் பதில் மார்பிள் வருவதுண்டு. துணி போட்டபின் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால் துணி போடுவதற்கு முன்பே கல்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். லண்டனில் பில்லியர்ட்ஸ் டேபிள் செய்த தர்ஸ்டன் 1826இல் மரப்பலகையை விட்டு ஸ்லேட்டுக்கு மாறியதற்குக் காரணம் இன்றைக்கும் அதேதான்: ஈரத்துக்கு ஊதாது, வெயிலுக்கு வளையாது, தேய்த்தால் சமமாக வரும்.

டேபிள் இந்தியத் தயாரிப்பு. இறக்குமதி டேபிள் விலையில் பாதிகூட ஆகவில்லை. கல்லில் எந்தக் குறையும் இல்லை. குறை வேறு இடத்தில். அதைப் பிறகு சொல்கிறேன்.

பொருத்த வந்த பாய் பெங்களூர்க்காரர், கூட இரண்டு பையன்கள். வந்ததும் டேபிளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். பழைய ஹால் அல்லவா, தண்ணீர் விட்டுக் கழுவ வசதியாகத் தரையில் வாட்டம் வைத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு கோலியை உருட்டிவிட்டு, அது எந்த மூலைக்குப் போகிறது என்று நின்று பார்த்துவிட்டு, “அந்தப் பக்கம் பேக்கிங் கொஞ்சம் அதிகமாப் போகும் சார்” என்றார். விலையைப் பேசும் தொனி அதில் இல்லை. எனக்கு அப்போதே ஆள் பிடித்துவிட்டது.

அவர் பையில் இருந்த லெவல் கொத்தனார் வைத்திருக்கும் ரகம் இல்லை. லேத் பட்டறையில் மெஷின் இறக்கும்போது வைப்பார்களே, அது: மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் சாய்ந்தாலும் குமிழி நகரும். நடுக்கல்லை முதலில் வைத்து, அதை நேராக்கி, அதை ஒட்டி இரண்டு பக்கமும் ஒவ்வொரு கல்லாகப் போனார். பித்தளை முளை ஒன்றுக்குள் ஒன்று உட்காரும்வரை பையன்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளினார்கள். ஐந்து கல்லுக்கு நான்கு இணைப்பு. ஒவ்வொன்றின் மேலும் கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரல் நகத்தை இழுத்தார். நகம் துளி தட்டினாலும் அடியில் மெல்லிய தகடு செருகி, மறுபடி நகம். எல்லாம் சரியான பிறகுதான் இடுக்கில் பட்டி பார்த்து, காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். இதற்கே ஒரு பகல் போய்விட்டது. நான் இடையில் டையிங் யூனிட் வரை போய்விட்டு வந்தேன். அதே இணைப்பில் அதே விரல்.

அடுத்து துணி. திருப்பூர்க்காரனுக்குத் துணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம் என்ற திமிர் எங்கள் எல்லோருக்கும் உண்டு. நாங்கள் போட்டது ஸ்ட்ராக்கன் 6811, இங்கிலாந்து கம்பளித் துணி, 30 அவுன்ஸ். கையில் எடுத்ததும் எங்கள் கட்டிங் மாஸ்டர் தடவிப் பார்த்து, “இதுக்கு மேல் பக்கம் மட்டும் இல்லீங்க, போற திசையும் இருக்குது” என்றார். உண்மைதான். பூல் துணி மொழுமொழுவென்று இருக்கும். ஸ்னூக்கர் துணிக்கு நாப் உண்டு. அந்த மயிர், ஆட்டம் தொடங்கும் முனையில் உள்ள பாக் லைன் பக்கத்திலிருந்து கறுப்புப் பந்து பக்கம் படுத்திருக்க வேண்டும். பிரஷ் போடுவதும் அயன் போடுவதும் அதே திசையில்தான், திரும்பி வரக் கூடாது. எங்கள் அயனிங் பையன் ஆர்வத்தில் ஸ்டீம் அயனைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். பாய் அவன் கையிலிருந்து அதை வாங்கித் தரையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வேலையைத் தொடர்ந்தார்.

துணியை இழுத்து ஆணி அடிப்பதில் அவசரமே இல்லை. பாக் பக்கம் அடித்துவிட்டு, எதிர்ப் பக்கம் போய் மூவரும் சேர்ந்து இழுத்து, பிறகு பக்கவாட்டு. நடு பாக்கெட் வாயில் துணியை வெட்டி மடிக்கும் இடம்தான் கத்துக்குட்டியைக் காட்டிக்கொடுக்கும். எங்களுடையதில் அங்கே ஒரு சுருக்கம்கூட இல்லை.

முதல் வாரத்தில் ஒரு மெம்பர் கடுப்பானார். குறுக்கே மெதுவாக நடு பாக்கெட்டுக்கு விட்டால் பந்து கறுப்புப் பக்கமாக ஒதுங்குகிறதாம். போன் போட்டேன். “ஏனுங் பாய், டேபிள் சாயுதாட்ட இருக்குதே?”

“சாயல சார். நாப் இழுக்குது. அதைப் பார்த்து ஆடக் கத்துக்கச் சொல்லுங்க.”

அடுத்த தடவை வந்தபோது துணி மேலேயே லெவலை வைத்துக் காட்டினார். குமிழி அசையவில்லை. மெம்பர் இப்போது அந்த ஒதுக்கத்தைக் கணக்கு வைத்தே பந்து விடுகிறார், நாங்கள்தான் காசு கொடுக்கிறோம்.

இனி குறை. விற்றவர் “டோர்னமென்ட் பாக்கெட்” என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். பெரிய போட்டிகளில் பாக்கெட் வாயை டெம்ப்ளேட் என்ற அளவு அச்சு வைத்துத்தான் வெட்டுவார்கள். வாயின் அகலம் மட்டும் கணக்கில்லை. ரப்பர் வளைந்து உள்ளே போகிற விதமும், கல்லின் விளிம்பு எங்கே இறங்குகிறது என்பதும் சேர்ந்ததுதான் அளவு. எங்கள் டேபிளில் குஷனை ஒட்டி வேகமாக விட்ட பந்து பாக்கெட் வாயின் தாடையில் இடித்த பிறகும் உள்ளே போய் விழுகிறது. உலகப் போட்டியில் அது வெளியே துப்பப்படும். நம் பையன்கள் இங்கே சுலபமாக ஐம்பது பிரேக் (விடாமல் ஒரே முறையில் ஐம்பது புள்ளி) போட்டுவிட்டு, சென்னைக்கு ஸ்டேட் போட்டி ஆடப் போனால் முழிக்கிறார்கள். பாயிடம் காட்டினேன். ரப்பர் நுனியில் புது ரப்பர் ஒட்டி, டெம்ப்ளேட் வைத்துச் சீவ வேண்டுமாம். “இங்க உட்கார்ந்து செய்ற வேலை இல்ல, குஷனைப் பட்டறைக்கு அனுப்புங்க.” விற்றவரோ, எல்லா கிளப்பிலும் இப்படித்தான் என்கிறார். எல்லா கிளப்பிலும் என்றால் ‘டோர்னமென்ட்’ என்று எதற்கு எழுதினீர்கள்?

இன்னொன்று. பில்லில் ‘ஃபிட்டிங் உட்பட’ என்று இருக்கும். அது ஒரே ஒரு தடவைதான். டன் கணக்கில் எடை இறங்கும்போது தரையும் சட்டமும் கொஞ்சம் அமுங்கும். சில வாரம் கழித்து மறுபடி லெவல் பார்த்தே ஆக வேண்டும். அதற்குத் தனியாகக் காசு கேட்டார்கள். வாங்கும்போதே அந்த இரண்டாவது லெவலிங்கையும் பில்லில் எழுதி வாங்கிவிடுங்கள்.

குஷன் வேகம் நன்றாக இருக்கிறது, ஓங்கி விட்டால் நான்கு நீளம் தாண்டி ஓடுகிறது. மழைக்காலத்தில்தான் துணி ஈரம் குடித்துச் சோம்பிவிடும். டிவியில் பார்க்கிற டேபிள்களுக்குக் கல்லுக்கு அடியில் ஹீட்டர் ஓடுகிறது. நமக்கு ஏசியை டிரை மோடில் போடுவதுதான் வழி. லைட் சாதாரண எல்இடி, நிழல் விழாமல் போட்டாயிற்று, அவ்வளவுதான்.

ஸ்னூக்கர் விதிகளை 1882இல் எழுதி ஒட்டிய ஊட்டி கிளப் எங்களுக்கு ஒரு காலைப் பயண தூரம்தான். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் நல்ல ஃபிட்டர் கிடைக்காமல் பெங்களூருக்குப் போன் பண்ணுவது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. யாராவது பையன் பாயிடம் தொழில் கற்றுக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்தால் கொங்கு நாடு முழுக்க வேலை இருக்கிறது.

மார்க் போடச் சொன்னால் கல்லுக்கு ஒன்பது, துணிக்கு ஒன்பது, பாக்கெட்டுக்கு நாலு. பாய்க்குப் பத்து. பொங்கல் லீவில் ஆறு குஷன்களும் பட்டறைக்குப் போகின்றன. இரண்டாவது டேபிளுக்கும் பேசிவிட்டோம்: அதே கல், நேர்கால், பூ வேலை வேண்டாம். அதில் மிச்சமாகும் காசில் பாயைத் தீபாவளிக்கு ஒரு தடவை, ஆடிக்கு ஒரு தடவை வரவழைக்கலாம்.