சத்திரசிகிச்சைக்குப் பிறகு எத்தனை கிலோ? இலக்கு நிறையைக் கணிக்கும் வழிகள், ஒப்பீடு

உடற்பருமனுக்கான இரைப்பைச் சத்திரசிகிச்சைக்குத் திகதி எடுத்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "கடைசியில் எத்தனை கிலோவுக்கு வருவீர்?" என்பதுதான். கிளினிக் சுவரில் ஒட்டிய அட்டவணை ஒரு எண்ணைச் சொல்லும். சத்திரசிகிச்சை நிபுணர் ஒரு சதவீதத்தைச் சொல்லுவார். கலியாண அல்பத்தைப் பார்த்து மாமி இன்னொன்றைச் சொல்லுவா. கொழும்பிலோ சென்னையிலோ செய்துவிட்டு யாழ்ப்பாணத்தில் தொடர்ந்து நிறை பார்ப்பவருக்குக் குழப்பம் இன்னும் கூட, ஏனென்றால் இரண்டு இடத்திலும் கணக்குப் பார்க்கும் முறை வேறாக இருக்கலாம்.

எல்லா முறையையும் ஒரே ஆளில் போட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் விளங்கும். 42 வயதுப் பெண், உயரம் 158 சென்ரிமீற்றர், நிறை 104 கிலோ, சில வருடமாக நீரிழிவு, செய்யப்போவது ஸ்லீவ், அதாவது இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்து மிச்சத்தைக் குழாய்போல விடும் முறை.

சுவர் அட்டவணை

நிறையை உயரத்தின் வர்க்கத்தால் பிரித்தால் வருவது உடற்திணிவுச் சுட்டி. 1.58 ஐ 1.58 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 2.5. ஆகவே இவருடைய சுட்டி 41.7. அளவான நிறையின் மேல் எல்லையாகப் பொதுவாக எடுக்கும் சுட்டி 25 க்கு வரவேண்டுமானால் 62 கிலோ. ஆசியர்களுக்கு 23 இலிருந்தே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் சொன்னதை எடுத்துக்கொண்டால் 57 கிலோ.

57 க்கு வர 47 கிலோ இழக்கவேண்டும், தொடக்க நிறையில் 45 சதவீதம். ஸ்லீவ் செய்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் அது நடக்கும். அட்டவணை பிழையில்லை. யாருக்கு நோய் வரும் வாய்ப்புக் கூட என்று ஆட்களை வகைப்படுத்த அது உதவும். 104 கிலோவைப் பல வருடம் சுமந்த உடம்பு எங்கே போய் நிற்கும் என்பது வேறு கேள்வி. அந்த உடம்பில் கூடுதல் தசை இருக்கிறது, நிறை குறைந்த பிறகும் தொங்கும் தோல் இருக்கிறது. இரண்டும் தராசில் ஏறும்.

இந்த முறை ஓரளவு பொருந்துவது சுட்டி 35 அளவில் தொடங்குபவருக்கு. அதே உயரத்தில் 88 கிலோ உள்ள ஒருவர் நாலில் ஒரு பங்கை இழந்தால் 66 கிலோ, சுட்டி 26. அட்டவணைக்குக் கிட்ட வந்துவிடுவார்.

மிகை நிறையில் எத்தனை வீதம்?

நிபுணர்கள் அதிகம் சொல்லும் கணக்கு இது, அதிகம் பிழையாக விளங்கப்படுவதும் இதுதான். "ஐம்பது வீதம் குறையும்" என்றதும் 104 பாதியாகி 52 ஆகும் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர்கள் உண்டு. ஐம்பது வீதம் முழு நிறையில் இல்லை, மிகை நிறையில். சுட்டி 25 க்குரிய 62.4 கிலோவுக்கு மேலே உள்ள 41.6 கிலோதான் மிகை. அதில் பாதி 20.8. அப்போது இவர் நிற்பது 83 கிலோவில். மருத்துவ உலகம் நெடுங்காலமாக "வெற்றி" என்று கணக்கெடுத்தது இந்தப் பாதியைத்தான்.

இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. முதலாவது, மிகையை எங்கிருந்து அளப்பது என்பதில் எல்லாரும் ஒத்துப்போவதில்லை. இவர் 26 கிலோ குறைத்தால், 25 ஐ அடியாக வைக்கும் இடத்தில் 62 வீதம் என்பார்கள், 23 ஐ வைக்கும் இடத்தில் 56 வீதம். ஆள் ஒன்று, இழப்பும் ஒன்று. இரண்டாவது, பாரம் கூடியவருக்கு இது அநியாயம் செய்கிறது. மேலே சொன்ன 88 கிலோக்காரர் 22 கிலோ இழந்தால் 86 வீதம். 172 சென்ரிமீற்றர் உயரமும் 150 கிலோவும் உள்ள ஒருவர் 45 கிலோ இழந்தாலும் 59 வீதந்தான். இரண்டு மடங்கு குறைத்தவர் தான் தோற்றுப்போனதாக நினைத்துக்கொண்டு போவார்.

மொத்த நிறையில் எத்தனை வீதம்?

எங்கள் தெரிவு இதுதான். இழந்த கிலோவைத் தொடக்க நிறையால் பிரித்து நூறால் பெருக்கினால் முடிந்தது. எந்த அட்டவணையும் தேவையில்லை, கைத்தொலைபேசிக் கல்குலேற்றர் போதும்.

முதல் ஒன்று, ஒன்றரை வருடத்தில் ஸ்லீவுக்கு 25 வீதம், பைபாஸுக்கு 30 வீதம் என்பது நம்பிப் போடக்கூடிய சராசரி. (இது இரைப்பை பைபாஸ், அதாவது இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாகப் பிரித்து நேரே சிறுகுடலோடு இணைக்கும் முறை. சொந்தக்காரர் இதய பைபாஸ் என்று நினைத்துப் பயப்படுவது வழமை.) எங்கள் பெண்ணுக்கு ஸ்லீவில் 26 கிலோ, அதாவது 78. பைபாஸ் செய்தால் 73. சராசரி என்றால் அதற்கு இரண்டு பக்கமும் ஆட்கள் இருப்பார்கள். வயது கூடினால், இன்சுலின் போடுபவராக இருந்தால், முழங்கால் நோவால் நடக்க முடியாவிட்டால், கீழ்ப்பக்கத்தில் விழும் வாய்ப்புக் கூட.

கவனிக்கவேண்டியது தொடக்க நிறை. சத்திரசிகிச்சைக்கு முன் ஈரலைச் சுருக்க இரண்டு கிழமை அளவில் குறைந்த கலோரிச் சாப்பாடு கொடுப்பார்கள். அதிலேயே நாலைந்து கிலோ போய்விடலாம். முதல் கிளினிக் நாளின் 104 ஐ வைப்பதா, சத்திரசிகிச்சை நாளின் 99 ஐ வைப்பதா? எதை வைத்தாலும் சரி, ஆனால் கடைசி வரைக்கும் அதையே வையுங்கள். நடுவில் மாற்றினால் வீதம் பொய் சொல்லும்.

கலியாணத்தில் இருந்த நிறை

23 வயதில் 54 கிலோ. இந்த எண்ணை இலக்காக எழுதவே வேண்டாம். பதிலாகக் கேட்கவேண்டியது, முப்பது வயதுக்குப் பிறகு பட்டினி கிடக்காமல் ஒரு வருடமாவது நிலைத்து நின்ற ஆகக் குறைந்த நிறை எது என்பது. அது 76 என்றால் 78 என்ற கணக்கோடு ஒத்துப்போகிறது. 88 என்றால் 78 ஐ எட்டுவதே பெரிய காரியம்.

தராசை விட்டுவிட்டு

கிலோவைப் பாராமல் இடுப்பையும் குருதியையும் பார்க்கும் வழி இது. தனியாக இலக்காக வைக்க முடியாது, ஆனால் தீர்ப்புச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி இல்லை.

தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவு பெண்ணில் 80, ஆணில் 90 சென்ரிமீற்றருக்குள் இருக்கவேண்டும் என்பது பொது அளவு. உயரத்தில் பாதிக்குள் என்பது இன்னொரு சுலபக் கணக்கு. இவருக்கு 79. அளக்கும் இடத்தில்தான் பிழை வரும். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளப்பார்கள். நிறை குறையக் குறைய அந்த நாடா கீழே இறங்கும், அளவும் அதோடு மாறும். சரியான இடம், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடு. தையல் நாடாவைத் தோலில் படும்படி, இறுக்காமல், நிலத்துக்குச் சமாந்தரமாகப் பிடித்து, மூச்சை இயல்பாக விட்ட முடிவில் வாசியுங்கள். வயிற்றுத் தோல் தொங்கினால் அதைச் சற்றுத் தூக்கிப் பிடிக்க இன்னொருவர் வேண்டும்.

நீரிழிவில், மருந்து நிறுத்தி மூன்று மாதமாவது HbA1c எனப்படும் மூன்று மாதச் சராசரிச் சீனி 6.5 வீதத்துக்குக் கீழே நின்றால் அது தணிவு நிலை என்று 2021 இல் சர்வதேச நிபுணர்கள் வரையறுத்தார்கள். 83 கிலோவில் நின்றுகொண்டு, குளிசை இல்லாமல், 5.9 உள்ளவர், 74 கிலோவில் 7.4 உள்ளவரைவிட நல்ல இடத்தில் இருக்கிறார். குளிசையையும் இன்சுலினையும் குறைப்பது வைத்தியர் சொல்லி மட்டும். முதல் கிழமைகளில் சீனி வேகமாக இறங்கும், பழைய அளவு இன்சுலின் போட்டால் மயங்கி விழலாம். பிரஷர் குளிசைக்கும் இதே விதி.

எண்ணை வரம்பாக எழுதுங்கள்

ஒன்றரை வருடத்தில் தொடும் ஆகக் குறைந்த நிறை நிலைக்கும் நிறை இல்லை. சுவீடனில் நடந்த நெடுங்கால ஆய்வில் பைபாஸ் செய்தவர்களின் இழப்பு 32 வீதத்தைத் தொட்டுப் பத்தாம் வருடத்தில் 25 இல் நின்றது. உடம்பு பசியைக் கூட்டும், எரிக்கும் கலோரியைக் குறைக்கும். ஒழுக்கக்கேடு என்று இதற்குப் பெயர் வைக்கத் தேவையில்லை.

ஆகவே இவருடைய கிளினிக் கொப்பியில் "இலக்கு 57" என்று இருக்கக்கூடாது. "18 மாதத்தில் 76 முதல் 80. ஐந்து வருடத்தில் 84 ஐத் தாண்டாமல். 86 என்றால் உடனே கிளினிக்" என்று இருக்கலாம். கடைசி எண், ஆகக் குறைந்த 78 க்கு மேலே பத்து வீதம். 84 என்பதுகூடத் தொடக்கத்தில் இருந்து 19 வீத இழப்பு, பிரஷருக்கும் சீனிக்கும் அது சின்ன விசயம் இல்லை.

கிழமைக்கு ஒருநாள், காலையில் மலசலம் கழித்த பிறகு, ஒரே உடுப்போடு, ஒரே மெஷினில் பாருங்கள். சாணம் மெழுகிய நிலத்திலோ பாயின் மேலோ மெஷின் வைத்தால் ஒவ்வொரு முறையும் வேறு எண் காட்டும், சீமெந்து நிலமே சரி. மூன்றாம் கிழமையளவில் தராசு அசையாமல் நிற்பது வழமை. முதலில் போனதில் பெரும்பகுதி நீர் என்பதால் அது. அதைப் பார்த்துச் சாப்பாட்டைக் குறைத்தால் புரதம் போய்த் தசைதான் கரையும்.

நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். எங்கள் சாப்பாட்டில் தவறும் இடம் இதுதான். புட்டும் சம்பலும் முதலில் வாய்க்குள் போய்விட்டால் மீனுக்கு இடமிருக்காது. முதலில் மீன் அல்லது முட்டை, பிறகு மரக்கறி, இடமிருந்தால் புட்டு. சுருங்கிய இரைப்பையையும் ஏமாற்றிக்கொண்டு போகும் சாமான்கள் ஐஸ்கிறீம், ரின்பால் ஊற்றிய தேத்தண்ணீர், பனங்கட்டி. பனங்கட்டி "இயற்கை" என்பதால் கணக்கில் விடாதவர்கள் நிறையப்பேர், உடம்புக்கு அதுவும் சீனிதான்.

நிறை அளவுக்கு மீறிக் குறைந்தும் போகலாம். முடி மூன்றாம் மாதத்திலிருந்து கொஞ்சம் கொட்டுவது பெரும்பாலும் தானே நிற்கும். ஆனால் அடிக்கடி சத்தி, கால் வீக்கம், கை கால் விறைப்பு, நடக்கும்போது தள்ளாட்டம் என்றால் இலக்கை எட்டிவிட்டோம் என்று சந்தோசப்படாமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். தயமின் எனும் பி1 விற்றமின் குறைந்தால் நரம்புக்குச் சேதம் வேகமாக வரும். கோயில் வீதியில் "என்ன வாடிப்போனீர், சுகமில்லையோ?" என்ற விசாரிப்பு வேறு விசயம், அதற்காக இலக்கை உயர்த்தத் தேவையில்லை.

86 ஐத் தொட்டால் பார்க்கும் ஒழுங்கு இது: குடிக்கும் இனிப்பும் மதுவும், பிறகு புதிதாகத் தொடங்கிய மருந்து (இன்சுலின், ஸ்ரீரொயிட், சில மனநல மருந்துகள்), பிறகு தைரொயிட், கடைசியில் இரைப்பை விரிந்திருக்கிறதா என்று கமரா விட்டுப் பார்ப்பது. கர்ப்பம் தரித்தால் கொப்பியில் உள்ள எண்களுக்கு மேலே கோடு போட்டுவிடலாம். சத்திரசிகிச்சைக்குப் பின் ஒன்று முதல் ஒன்றரை வருடம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வார்கள். பிள்ளை பிறந்து பால் மறந்த பிறகு, அன்றைய நிறையில் இருந்து புதிய வரம்பு எழுதப்படும்.