கழுத்தை மட்டும் அழுத்தும் டை: வாங்கலாமா?

நண்பர் ஒருவர் புதிதாக .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கியிருக்கிறார். சுட்ட பித்தளைக் கேஸ்களை மறுபடி நிரப்ப நெக் சைசிங் டை வாங்கலாமா, ஃபுல் லெங்த் டையே போதுமா என்று கேட்டார். டை என்பது சுட்டதில் விரிந்த கேஸை மறுபடி அளவுக்கு நெருக்கும் அச்சு. நெக் சைசிங் டை குண்டைப் பிடிக்கும் கழுத்தை மட்டும் நெருக்கும், ஃபுல் லெங்த் டை கழுத்தோடு அதன் கீழே சரியும் தோளையும் உடம்பையும் சேர்த்து நெருக்கும். பதில் எழுத எழுத நீண்டுகொண்டே போனதால் இங்கேயே போட்டுவிடுகிறேன். பிரஸ், ஷெல் ஹோல்டர், பிரைமர் எல்லாம் தெரிந்தவர்களுக்குத்தான் இது. நான் இருப்பது டெக்சாஸ். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், அங்கிருந்து படிப்பவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்ளவும்.

என்னுடையது கொலெட் (பிளவுபட்ட உலோகக் குழல்) வகை நெக் சைசிங் டை. அப்புறம் திட்டப்போகிறேன் என்பதால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். லூப் (கேஸ் வழுக்கப் பூசும் எண்ணெய்) வேண்டாம். இந்த ஒன்றுக்காகவே பல மாதம் இதைக் கொண்டாடினேன். ஃபுல் லெங்த் டையில் லூப் குறைந்தால் கேஸ் உள்ளே சிக்கிக்கொண்டு, இழுக்கிற இழுப்பில் ரிம் (கேஸின் அடிவிளிம்பு) பிய்ந்து வரும். கூடிப்போனால் தோள்பக்கம் எண்ணெய் தேங்கிப் பள்ளம் விழும். எல்லாம் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் துடைக்க வேறு வேண்டும். சாதாரண டையில் கழுத்துக்குள் போய்வரும் எக்ஸ்பாண்டர் உருண்டை கீச்சென்று கத்திக்கொண்டே கழுத்தைக் கொஞ்சம் கோணலாக இழுத்துவிடுவதும் உண்டு. கொலெட்டில் அந்த உருண்டையே கிடையாது. கழுத்துக்குள் மேண்ட்ரல் என்ற கம்பி நிற்கும், கொலெட் வெளியிலிருந்து சுற்றி நெருக்கிக் கழுத்தை அதன்மேல் அழுத்தும். எடுத்துப் பார்த்தால் கழுத்தில் மெல்லிய செங்குத்துக் கோடுகள் தெரியும், வேறு தடயம் இருக்காது. நிரப்பிய தோட்டாவைக் கண்ணாடி மேல் உருட்டினால் முனை ஆடுவதே தெரியாது.

பித்தளையும் நன்றாக உழைக்கிறது. 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் கலந்த பித்தளை இது, வளைக்க வளைக்க இறுகும். ஃபுல் லெங்த் டையைக் கண்மூடித்தனமாக இறக்கி வைத்து ஒவ்வொரு தடவையும் தோளைப் பின்னால் தள்ளினால், சுடும்போது கேஸ் மறுபடி நீண்டு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுவர் மெலிந்துகொண்டே வரும். பேப்பர் கிளிப் ஒன்றை நிமிர்த்தி நுனியை மடக்கி உள்ளே விட்டு, சுவரை ஒட்டி மேலே இழுத்துப் பாருங்கள். நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்தக் கேஸின் ஆயுள் முடிந்தது. கழுத்தை மட்டும் அழுத்திய கேஸ்களில் எனக்கு அப்படித் தட்டியது அபூர்வம்.

சரி, இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். உடம்பையும் தோளையும் தொடாமல் விடுவதுதானே இந்த முறை, அதனால் ஒவ்வொரு சூட்டிலும் கேஸ் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கிச் சேம்பர் (துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறை) அளவுக்கே வந்துவிடும்.  சில சூட்டுக்கு அப்புறம் சேம்பரை மூடும் போல்ட் கனக்க ஆரம்பிக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் கனத்தாலாவது ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே பெட்டியில் முதல் கேஸ் வழுக்கிக்கொண்டு போகும், அடுத்தது உள்ளங்கையால் குத்தினால்தான் மூடும். சந்தேகப்பட்ட கேஸ் ஒன்றில் மார்க்கர் மை பூசிச் சேம்பரில் விட்டு எடுத்தேன். தோளைச் சுற்றி மை சுத்தமாக உரசிப் போயிருந்தது. ரேஞ்சில் இது வெறும் எரிச்சல். வேட்டையில் மான் எதிரே நிற்கும்போது போல்ட் மூடாமல் முரண்டு பிடித்தால் என்ன செய்வது?

இதற்கு மருந்து, அவ்வப்போது தோளை ஒரு 0.001 அல்லது 0.002 அங்குலம் பின்னால் தள்ளுவது. அதற்கு பாடி டையோ (கழுத்தை விட்டு உடம்பையும் தோளையும் மட்டும் நெருக்குவது) ஃபுல் லெங்த் டையோ வேண்டும், அதற்கு லூப் வேண்டும், துடைக்கவும் வேண்டும். லூப்புக்குப் பயந்துதானய்யா இதை வாங்கினேன்! போதாக்குறைக்கு இந்தக் கேஸ்கள் சுட்ட அதே ரைஃபிளுக்குத்தான் பொருந்தும், இரண்டு .308 வைத்திருப்பவர்கள் பெட்டிகளில் பெயர் எழுதி வைக்காவிட்டால் தொலைந்தார்கள். துல்லியத்தைத் தவிர வேறெதுவும் பேசாத பெஞ்ச்ரெஸ்ட் (துப்பாக்கியை மேசைமேல் தாங்கிச் சுடும்) போட்டிக்காரர்களிலேயே பெரும்பாலோர் இன்று ஒவ்வொரு தடவையும் ஃபுல் லெங்த் டையில் தோளை மயிரிழை தள்ளித்தான் நிரப்புகிறார்கள்.

ஆகவே நண்பரே, ஒரு டைக்குத்தான் பணம் என்றால் புஷிங் (கழுத்தை நெருக்கும் வளையம்) மாற்றிக்கொள்ளும் ஃபுல் லெங்த் டை வாங்குங்கள். நிரப்பிய தோட்டாவின் கழுத்தை அளந்து, அதைவிட 0.002 அங்குலம் சிறிய புஷிங் போட்டால் போதும், கழுத்து 0.336 என்றால் புஷிங் 0.334. எக்ஸ்பாண்டர் உருண்டையைக் கழற்றி வைத்துவிடலாம். ஏஆர்-10 மாதிரி செமி ஆட்டோ (அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்) வாங்கும் எண்ணம் இருந்தால் நெக் சைசிங் பேச்சையே எடுக்காதீர்கள், அதில் போல்ட் முழுசாக மூடியே ஆக வேண்டும்.

என் டையை விற்பீர்களா என்று கேட்டால் மாட்டேன். மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. மேலே எழுதிய நல்லதையெல்லாம் கூட்டினால் நாலு வரும், தெரியும். ஆனால் போன சனிக்கிழமை போல்ட்டோடு மல்லுக்கட்டிய கை இன்னும் வலிக்கிறது, அதனால் இரண்டுதான்.