பெங்களூரில் விவாகரத்தும் குழந்தைப் பொறுப்பும்: வழக்காடுவதா, சமரச மையத்தில் முடிப்பதா?

பெங்களூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு திருமணம் முறியும் நிலைக்கு வரும்போது பெரும்பாலும் மூன்று வழிகள் தென்படுகின்றன: இரு வீட்டுப் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்ப்பது, குடும்ப நல நீதிமன்றத்தில் தீர்ப்பு வரும்வரை வழக்காடுவது, அல்லது அந்த நீதிமன்றமே அனுப்பிவைக்கும் சமரச மையத்தில் உட்கார்ந்து உடன்படிக்கை செய்துகொள்வது. நானும் என் மகளின் தாயும் வழக்கில் தொடங்கிச் சமரசத்தில் முடித்தவர்கள். மகள் தாயிடம் வளர்கிறாள். நான் அதே நகரில் வேறு வீட்டில் இருக்கிறேன். ஆகவே என் சாய்வு சமரசத்தின் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே எழுதுவது இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருவோருக்குப் பொருந்தும். மற்ற திருமணச் சட்டங்களில் காலக்கெடுக்கள் மாறும்.

பெரியவர்கள் பேச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோபம் தணிய அது உதவலாம். ஆனால், சட்டம் ஏற்கும் வழக்காறு உள்ள சில சமூகங்களைத் தவிர, முத்திரைத்தாளில் இருவரும் கையெழுத்திட்டுப் பிரிந்துவிட்டதாக எழுதிக்கொள்வது விவாகரத்து ஆகாது. நாளை ஒருவர் மறுமணம் செய்யும்போதோ, குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போதோ அந்தத் தாள் கைகொடுக்காது.

செலவிலும் காலத்திலும் சமரசமே இலகுவானது என்பதை எல்லோரும் அறிவார்கள். 2007 முதல் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் இயங்கும் பெங்களூரு சமரச மையம், எச். சித்தையா சாலையில் குடும்ப நல நீதிமன்றம் உள்ள அதே நியாய தேகுல வளாகத்தில் இருக்கிறது. நீதிமன்றம் அனுப்பும் வழக்குகளுக்குத் தரப்பினரிடம் கட்டணம் வாங்குவதில்லை. இருவரும் சேர்ந்து விவாகரத்து கேட்கும் பரஸ்பர சம்மத மனுவில், மனு தாக்கல் செய்யும் முதல் நிலைக்கும் தீர்ப்புக் கேட்கும் இரண்டாம் நிலைக்கும் இடையே சட்டம் வைத்திருக்கும் ஆறு மாதக் காத்திருப்பைத் தக்க சூழலில் நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு அது வைத்த நிபந்தனைகளில், ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் உண்மையாகவே பேசி முடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது ஒன்று. சமரச மையத்தில் எழுதப்படும் விரிவான உடன்படிக்கை அதைக் காட்டுவதற்கு நேரடியாகப் பயன்படுகிறது.

பேச்சின் இரகசியமும் முக்கியம். வழக்கில் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லும் குறுக்கு விசாரணையில் திரும்பி வரும். சமரசத்தில் அப்படியில்லை: உடன்பாடு ஏற்பட்டால் பேச்சை நடத்தும் சமரசர் உடன்படிக்கையை அனுப்ப வேண்டும், ஏற்படாவிட்டால் பலனளிக்கவில்லை என்று மட்டும் எழுத வேண்டும், உள்ளே பேசியதை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கக் கூடாது என்று 2010-இல் மோத்தி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2023-ஆம் ஆண்டின் சமரசச் சட்டத்திலும் இரகசியத்தைக் காக்கும் பிரிவு இருக்கிறது. ஒரு விலக்கை மட்டும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். குழந்தையிடம் பேசும் ஆலோசகரின் அறிக்கைக்கு இந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைக்காது; குழந்தையின் நலனை முடிவு செய்ய நீதிமன்றம் அதைப் பார்க்கலாம் என்று 2019-இல் பெர்ரி கன்சாக்ரா வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது.

ஆனால் என்னை முடிவு செய்ய வைத்தது இவை எதுவும் இல்லை. தீர்வு கிடைத்த பிறகு அதை ஆண்டுக்கணக்கில் நடத்திச் செல்வது யார், எப்படி என்பதே அந்தக் காரணம். விவாகரத்து ஒரு நாளில் முடிந்துவிடும். குழந்தைப் பொறுப்பு அவள் பதினெட்டு வயதை எட்டும்வரை ஒவ்வொரு வாரமும் நடக்க வேண்டிய காரியம். குழந்தைப் பொறுப்பு பற்றிய உத்தரவுகள் இறுதியானவை அல்ல, குழந்தையின் தேவை மாறும்போது அவையும் மாற்றத்தக்கவை என்று உச்ச நீதிமன்றம் 1973-இல் ரோசி ஜேக்கப் வழக்கிலேயே தெளிவாக்கிவிட்டது. அப்படியானால், எந்த வழியில் பெற்ற ஏற்பாட்டை எளிதாக மாற்ற முடியும் என்பதே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி.

வழக்காடிப் பெறும் உத்தரவு பெரும்பாலும் சில வரிகளில் இருக்கும்: இன்ன சனிக்கிழமைகளில் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை, இன்ன இடத்தில் சந்திப்பு. சில வழக்குகளில் அந்த இடம் நீதிமன்ற வளாகமாகவே இருக்கும். நீதிபதிக்கு முன் இருப்பவை மனுக்களும் ஆட்சேபணைகளும்தான். குழந்தைக்குச் சனிக்கிழமை காலையில் நடன வகுப்பு இருப்பதோ, கோடை விடுமுறையில் வேலூரில் பாட்டி வீட்டுக்குப் போவது அவளுடைய வழக்கம் என்பதோ அவற்றில் இடம்பெற்றால்தான் உத்தரவிலும் இடம்பெறும். பள்ளி நேரம் மாறினாலோ, ஒருவர் வீடு மாறி வைட்ஃபீல்டுக்குப் போனாலோ மறுபடியும் மனு, மறுபடியும் நோட்டீஸ், எதிர்த்தரப்பின் ஆட்சேபணை, வாய்தா. இதற்குள் குழந்தை அடுத்த வகுப்புக்குப் போய்விடுவாள்.

சமரச மேசையில் எங்களால் எழுத முடிந்தது வேறு வகையானது. வார இறுதிகளை மட்டும் பிரித்துக்கொள்ளாமல், இங்குள்ள பள்ளிகளின் தசரா விடுமுறை, பொங்கல், தீபாவளி, ஏப்ரல் மே மாதங்களின் கோடை விடுமுறை என ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பேசினோம். அவளை யார் எங்கே வந்து அழைத்துச் செல்வது, காய்ச்சல் வந்தால் அந்த வாரச் சந்திப்பை எப்படி ஈடுகட்டுவது, வீடியோ அழைப்பு எந்த நேரத்தில், பள்ளிக் கூட்டத்துக்கு இருவரும் வரலாமா, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், வெளிநாட்டுப் பயணத்துக்கு எத்தனை நாள் முன்பாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பவை எல்லாம் உடன்படிக்கையில் உள்ளன. இவற்றைவிட முக்கியமாக, ஏற்பாட்டை மாற்ற வேண்டிவந்தால் முதலில் இருவரும் எழுத்தில் பேசிக்கொள்வது, முடியாவிட்டால் மீண்டும் சமரசத்துக்கு வருவது, அதன் பிறகே மனு என்ற வரிசையையும் எழுதிவைத்தோம். என் மகள் தொடக்கப் பள்ளியிலிருந்து நடுநிலைக்கு மாறியபோது சந்திப்பு நாள்களை நாங்கள் மாற்றிக்கொண்டது இந்த ஒரு பிரிவின் பலத்தில்தான். அதற்காக எந்த வழக்கறிஞரையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

இதில் சமரசரின் பங்கு பெரிது. அவர் இருவரையும் சேர்த்தும் தனித்தனியாகவும் சந்திக்கிறார். தனிச் சந்திப்பில் சொன்னதை நம் அனுமதியின்றி மறுபக்கத்துக்குச் சொல்வதில்லை. எங்களுக்குக் கிடைத்த சமரசருக்குத் தமிழ் தெரியும் என்பதால், என் மாமியாரைப் பற்றிய வருத்தத்தையும் என் அம்மாவைப் பற்றிய அவர்கள் வீட்டு வருத்தத்தையும் சொந்த மொழியில் சொல்ல முடிந்தது. தமிழ் வழக்கறிஞர்கள் நிறைய உள்ள இந்நகரில், தமிழ் தெரிந்த சமரசர் வேண்டும் என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

சமரசத்தின் பலவீனங்களையும் சொல்ல வேண்டும். பரஸ்பர சம்மதத்தில் தீர்ப்பு வரும்வரை ஒருவர் தம் சம்மதத்தைத் திரும்பப் பெற முடியும். 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. எனவே பெருந்தொகை எதையும் ஒரே தவணையாக முன்கூட்டியே கொடுத்துவிடாமல், நீதிமன்றக் கட்டங்களோடு இணைத்துத் தவணையாக்குவது நல்லது. வருமானத்தை மறைப்பவரிடம் சமரசரால் அதைக் கட்டாயமாக வெளிக்கொணர முடியாது. 2020-இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜீவனாம்ச வழக்குகளில் இருதரப்பும் சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது. மறைக்கப்படும் என்ற ஐயம் இருந்தால் அதை முதலில் தாக்கல் செய்யச் சொல்லிவிட்டு மேசைக்கு வருவதே முறை. எங்களிடம் பிரித்துக்கொள்ளப் பெரிய சொத்து இல்லை. வீடும் நிலமும் தொழிலும் கலந்த குடும்பங்களைப் பற்றி என் அனுபவத்தை வைத்து உறுதியாகப் பேச மாட்டேன்.

அடி, மிரட்டல், தொடர்ந்த அச்சம் இருந்த வீட்டில் நான் இந்த வழியை முதலில் சொல்ல மாட்டேன். அச்சத்தில் இருப்பவர் மேசையில் சம்மதிப்பது சம்மதம் ஆகாது. அங்கே முதலில் தேவைப்படுவது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவு. அதன் பின்னும் பேச விரும்பினால், ஒரே அறையில் உட்காராமல் தனித்தனிச் சந்திப்புகளாகவே நடத்தும்படி சமரசரிடம் கேட்கலாம். எந்த நிலையிலும் உடன்படிக்கையின் வரைவை அன்றே கையெழுத்திடாமல் வாங்கிச் சென்று, நம் வழக்கறிஞரோடு வரிவரியாகப் படித்து, குழந்தையைப் பற்றிய பிரிவுகளில் நாள், நேரம், இடம், மாற்றும் முறை ஆகிய நான்கும் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்த அமர்வுக்குச் செல்ல வேண்டும்.